கடைசிச் சொல் வரை கேட்கட்டும்

(தோட்ட மாதர் தலைவிகளுக்காக அட்டனில் நடைபெற்ற ஒருநாள் பயிற்சி வகுப்பில் எமது மாதர் பிரிவு அமைப்பாளர் ஆற்றிய உரை. வகுப்புக்கு வர முடியாதவர்களும் வாசித்துப் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)



காலையில் உங்களை ஒவ்வொருவராக எழும்பி, பெயரையும் தோட்டத்தையும் பிரிவையும் சொல்லச் சொன்னேன். அந்த நேரத்தில் நான் இங்கே மேசையடியில் நிற்கவில்லை. வேண்டுமென்றே மண்டபத்தின் கடைசிக் கதவடியில் போய் நின்றேன். 34 பேர் பேசினீர்கள். எல்லோருடைய பெயரும் கதவு வரை வந்தது. தோட்டத்தின் பெயர் பாதிப் பேருக்குத்தான் வந்தது. பிரிவின் பெயர் 9 பேருக்குத்தான் வந்தது. மற்றவர்களுக்கு அது வாய்க்குள்ளேயே கரைந்துவிட்டது.

உங்களுக்குக் குரல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இந்த மலையில் நின்று எதிர்மலையில் கொழுந்து எடுக்கிறவளைக் கூப்பிட்டு, "புள்ளைக்குக் காய்ச்சல், மடுவத்துக்கு வந்துட்டுப் போ" என்று சொல்கிறவர்கள் நீங்கள். ஒரு சாவு வீட்டில் ஒப்பாரி வைத்தால் மேட்டு லயத்திலிருந்து பணிய லயம் வரை கேட்கும். அந்தக் குரல் ஆபீஸ் வாசற்படி ஏறியதும் எங்கே போகிறது? அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் என்னுடைய தோல்வி ஒன்றைச் சொல்கிறேன்.

நான் மாதர் தலைவியாகி இரண்டு வருடம் இருக்கும். எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவர் 2014இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1982இல் பேர் பதிந்தவர். 32 வருட உழைப்பு. சேவைக்காலப் பணம் பற்றிய சட்டம் உங்களுக்குத் தெரியும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அந்தப் பணம் கணக்கில் இழுபறியாகி, விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நானும் துணைக்குப் போனேன்.

அங்கே ஒரு மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர், தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்த ஒருவர். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். மேலே காற்றாடி சுற்றுகிற சத்தம், வெளியே பஸ் சத்தம். இடையில் வேலையை விட்டு நின்றீர்களா என்று கேட்டார்கள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தொண்ணூத்தொண்ணுல புள்ள பெத்தப்போகூட நான் வேலைய விட்டு நிக்கல" என்று சொன்னார். "தொண்ணூத்தொண்ணுல புள்ள பெத்தப்போ" என்பது நன்றாகக் கேட்டது. "வேலைய விட்டு" என்பதும் ஒருவாறு கேட்டது. "நிக்கல" என்ற சொல்லில் "நி" மட்டும்தான் வெளியே வந்தது. மிச்சம் சேலைத் தலைப்புக்குள் போய்விட்டது.

1991இல் பிள்ளை பெறுவதற்காக வேலையை விட்டு நின்றதாக எழுதப்பட்டது. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. நான் பேசப் போனேன். என் குரல் என்னைவிட மோசம். "ஐயா, அது வந்து..." என்றேன். "என்ன?" என்று கேட்டார்கள். திரும்பவும், "இல்லைங்க ஐயா, அது வந்து..." என்றேன். மூன்றாம் தடவை "என்ன?" என்றபோது, "ஒன்னுமில்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா கைநாட்டு வைத்தார்.

அந்த ஒரு சொல்லின் விலை என்ன தெரியுமா? 1982 முதல் 1991 வரையான 9 வருடம் கேள்விக்குள்ளானது. 9 வருடத்துக்கு 14 நாள் வீதம் 126 நாள் சம்பளம். காலை ஏழரைக்குப் பெரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு 126 நாள் மலையேறிய காசு, காதில் விழாத ஒரு "இல்லை"க்குள் போய்விட்டது. சேமலாப நிதிப் பதிவுகளையும் பழைய செக்ரோல் விபரங்களையும் தேடி, சங்கத்தின் மூலம் எழுதி, அதைத் திருத்தி எடுக்க ஏழு மாதம் சென்றது. பெரியம்மாவுக்குக் காசு கிடைத்தது. ஆனால் அந்த ஏழு மாதமும் அவர் என்னைப் பார்க்கிறபோதெல்லாம், "நான் சரியாத்தானே சொன்னேன் புள்ள?" என்று கேட்பார். சரியாகத்தான் சொன்னார். கேட்கத்தான் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நம்முடைய தமிழில் முக்கியமான சொல் கடைசியில்தான் வரும். "ரெண்டு மாசமா சம்பளச் சீட்டு..." என்று சொல்லி நிறுத்தினால், சீட்டு வந்ததா வரவில்லையா என்று யாருக்கும் தெரியாது. "தரவில்லை" என்ற கடைசிச் சொல்தான் முறைப்பாடு. "மலையில் மலசலகூடம் கட்டித் தர..." என்றால் என்ன? "வேண்டும்" என்பதுதான் கோரிக்கை. இல்லை, வேண்டும், முடியாது, சம்மதமில்லை. தொழிலாளிக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் வசனத்தின் வாலில் இருக்கின்றன. நாம் வசனத்தைத் தொடங்கும்போது மூச்சு நிறைய இருக்கிறது. போகப் போகக் குறைகிறது. எந்த இடத்தில் பலம் வேண்டுமோ அந்த இடத்தில் மூச்சு முடிந்துவிடுகிறது. பயமும் அந்த இடத்தில்தான் வந்து பிடிக்கிறது.

ஆகவே இன்று நீங்கள் இங்கிருந்து ஒரே ஒரு காரியத்தைக் கொண்டுபோனால் போதும்: கடைசிச் சொல் வரை மூச்சை வைத்திருங்கள்.

குரல் எப்படி வருகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்டையில் கையை வைத்து "ஆ" என்று சொல்லிப் பாருங்கள். அதிர்கிறதா? அங்கே குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்பார்கள். நுரையீரலிலிருந்து வருகிற காற்று அவற்றை அதிர வைக்கிறது. நாம் பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 200 தடவை அவை ஒன்றோடொன்று தட்டுப்படுகின்றன. காற்று போதாவிட்டால், தொண்டையை இறுக்கித்தான் சத்தம் எடுக்க வேண்டும். அப்படி இறுக்கினால் குரல் கீச்சென்று போகும், கம்மும், வலிக்கும். காற்று நிறைய இருந்தால் தொண்டைக்கு வேலை குறைவு. கொழுந்துக் கூடையைக் கழுத்தால் மட்டும் தூக்கினால் கழுத்து ஒடிந்துபோகும் அல்லவா? முதுகும் காலும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். குரலும் அப்படித்தான். தொண்டைக்குத் துணையாக நெஞ்சும் வயிறும் இருக்கின்றன.

நான்கு பயிற்சிகள் சொல்கிறேன். காசு செலவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலாவது மூச்சு. இரவு படுத்ததும் வயிற்றில் ஒரு கையை வையுங்கள். மூக்கால் மெதுவாக மூச்சை எடுங்கள். கை மேலே எழும்ப வேண்டும், தோள் அசையக் கூடாது. பிறகு "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தத்தோடு மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை. படுத்துப் பழகியதும் உட்கார்ந்து செய்யுங்கள், பிறகு நின்று செய்யுங்கள். பெரட்டுக்களத்தில் நிற்கும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

இரண்டாவது எண்ணுவது. ஒரு மூச்சை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுங்கள். முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒரே பலத்தோடு கேட்க வேண்டும். குரல் இறங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முதல் நாள் 8 வந்தால் 8. போட்டி போட்டு இழுக்க வேண்டாம். இரண்டு கிழமையில் தானாகக் கூடும்.

மூன்றாவது முனகுவது. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். உதட்டிலும் மூக்கிலும் கூச்சம் போல ஓர் அதிர்வு வரும். அந்த அதிர்வோடேயே வாயைத் திறந்து "மலை", "மழை", "மடுவம்" என்று சொல்லுங்கள். சத்தம் தொண்டைக்குள் அடைபடாமல் முகத்துக்கு முன்னால் வரும். கூட்டம், விசாரணை இருக்கிற நாளில் காலையில் தேத்தண்ணீர் ஊற்றும்போதே இதைச் செய்துகொண்டு போங்கள். குளிர் நேரத்தில் எடுத்தவுடன் கத்தினால் தொண்டை கட்டும்.

நான்காவது வாலிலிருந்து தலைக்கு வருவது. இது நானே எனக்காகக் கண்டுபிடித்தது. பேச வேண்டிய வசனத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பழகுங்கள். முதலில் "தரவில்லை." பிறகு "சம்பளச் சீட்டு தரவில்லை." பிறகு "இரண்டு மாதமாகச் சம்பளச் சீட்டு தரவில்லை." ஒவ்வொரு தடவையும் "தரவில்லை" என்பது முதலில் சொன்ன அதே பலத்தோடு வர வேண்டும். வீட்டில் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கடைசிச் சொல் கேட்டதா என்று கேளுங்கள். பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள்.

சரி, மூச்சு வந்துவிட்டது. எப்படிப் பேசுவது?

நம்மில் சிலருக்கு இரண்டு குரல்தான் இருக்கிறது. ஒன்று காதில் விழாத குரல். மற்றது பொறுமை போனபின் போடுகிற கூச்சல். நடுவில் ஒன்றுமில்லை. கூச்சல் போட்டால் என்ன நடக்கிறது? நாம் சொன்ன விஷயம் மறைந்துபோகிறது. "ஆபீஸில் வந்து தகராறு பண்ணினார்கள்" என்பது மட்டும் மிச்சமாகிறது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அந்தச் சாட்டை நாமே எடுத்துக் கொடுக்கலாமா? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற குரலைத்தான் பழக வேண்டும். அது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்கிற அளவு சத்தம், எழுதுகிறவர் எழுதி முடிக்கிற அளவு வேகம்.

வசனத்தை மூச்சின் அளவுக்கு வெட்டுங்கள். ஓர் உதாரணம். "ஐயா அன்னைக்கு மழைன்னு எறக்கிட்டாங்க அதுக்கு அரைப் பேரு போட்டுட்டாங்க நாங்க எல்லாரும் காலையிலயே வந்தோம் கேட்டா கண்டக்கையா தெரியாதுங்கறாரு..." என்று போனால் கேட்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"ஐயா, எங்கள் பிரிவில் 42 பேர் வேலை செய்கிறோம். சென்ற மாதம் 8ஆம் திகதி மழை என்று 11 மணிக்கு எங்களை மலையிலிருந்து இறக்கினார்கள். 42 பேருக்கும் அரைப் பேர்தான் போட்டார்கள். முழுப் பேர் போட வேண்டும்."

நான்கு வசனம். யார், எப்போது என்ன நடந்தது, என்ன நட்டம், என்ன வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மூச்சு எடுங்கள். அந்த மௌனத்துக்குப் பயப்பட வேண்டாம். அதிகாரிக்கு எழுத நேரம் கிடைக்கும், உங்களுக்குக் காற்று கிடைக்கும். மொழிபெயர்ப்பவர் இருந்தால் ஒரு வசனம் சொல்லி நிறுத்துங்கள். அவர் முடித்தபின் அடுத்தது. மூன்று வசனத்தைச் சேர்த்துக் கொடுத்தால் அவர் இரண்டைத்தான் கொண்டுபோவார்.

இலக்கங்களை இரண்டு தடவை சொல்லுங்கள். திகதி, கிலோ, வருடம், ரூபாய் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள். துண்டைப் பார்த்துப் பேசுவதில் வெட்கம் ஒன்றுமில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் ஃபைலைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஆனால் கடைசிச் சொல் வரும்போது தலையை நிமிர்த்தி அவருடைய முகத்தைப் பாருங்கள். தலை குனிந்திருந்தால் தொண்டை மடிகிறது, சத்தம் மேசைக்கு அடியில் போகிறது.

இடையில் வெட்டிப் பேசினால், குரலை உயர்த்தாதீர்கள். அவர் முடிக்கட்டும். பிறகு, "ஐயா, நான் சொல்லி முடிக்கவில்லை" என்று சொல்லி, நிறுத்திய வசனத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். மரியாதையும் இருக்கும், விட்டுக்கொடுத்ததாகவும் இராது. "ஐயா" என்பதைத் தொடக்கத்தில் ஒரு தடவை சொன்னால் போதும். சொல்லுக்குச் சொல் "ஐயா, ஐயா" என்றால் மூச்செல்லாம் அதற்கே போய்விடும்.

சிங்களம் தெரியவில்லையே என்று வாயை மூட வேண்டாம். தெரிந்தால் பேசுங்கள், நல்லது. தெரியாவிட்டால் தமிழில் பேசுங்கள். 1987இல் வந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம் அரச அலுவலகங்களில் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை விரிவாகச் சொல்கிறது. அது யாரும் இரக்கப்பட்டுத் தருகிற சலுகையில்லை. ஒன்றை மறக்காதீர்கள்: வாக்குமூலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க முன், "தமிழில் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அன்றைக்கு நான் அந்த மூன்று சொல்லைக் கேட்டிருந்தால் ஏழு மாதம் அலைந்திருக்க வேண்டியதில்லை.

குரலைக் கெடுக்கிற விஷயங்களையும் சொல்ல வேண்டும். தொண்டை காய்ந்தால் குரல் நாண்கள் சரியாக அதிராது. தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லுவது சுலபம். நம் பெண்கள் ஏன் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். போவதற்கு மலசலகூடம் இல்லை. காலையில் குடித்த தேத்தண்ணீரோடு மதியம் வரை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். அதனால் குரலும் கெடுகிறது, உடம்பும் கெடுகிறது. ஆகவே "மலையில் மலசலகூடம் வேண்டும்" என்பதையே இந்தப் பயிற்சிக்கு முதல் வசனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை. கோபிக்காதீர்கள், என் அம்மாவும் போட்டவர்தான். வாயில் அடக்கிக்கொண்டு பேசினால் சொல் தெளியாது என்பது சின்ன விஷயம். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதுதான் பெரிய விஷயம். இலங்கை ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் அதுதான். நம் தோட்டங்களில் பெண்களும் போடுகிறோம். வாயில் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம் இருந்தால் உடனே காட்டுங்கள். குரல் கம்மி மூன்று கிழமைக்கு மேலும் தெளியாவிட்டால், கசாயத்தோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். தொண்டை கட்டியிருக்கும்போது பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுத்துப் பேசினாலும் தொண்டைக்கு ஓய்வு கிடைக்காது.

பின்வரிசைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழுந்து எடுக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ஒரு சகோதரி எழும்பிப் பாதி சொல்லும்போதே, "அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று நீங்கள் எடுத்துப் பேசுகிறீர்கள். உதவி செய்கிற எண்ணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய கடைசிச் சொல்லை நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். அவர் திக்கினாலும் பொறுத்திருந்து கேளுங்கள். கமிட்டியில் முடிக்கப் பழகாதவர் ஆபீஸில் எப்படி முடிப்பார்?

மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். விடிய விடியத் திறந்த வெளியில் பாடி ஆடுவார்கள். அதில் ரதி வேஷம்கூட ஆண்கள்தான் கட்டிவந்தார்கள். பெண்ணுடைய சொல்லைக்கூட ஆண் குரலில் கேட்டுத்தான் பழகியிருக்கிறோம். அதே மண்ணில்தான், 1930களிலும் 40களிலும், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளர் மத்தியில் போய், தொழிலாளர் படும்பாட்டைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். பேச்சுக்குக் கூடாத கூட்டம் அவர் பாட்டுக்குக் கூடியது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தோட்டத்துக்குள் சங்கம் என்ற சொல்லையே துரைமார் வெறுத்த காலம் அது. அந்தக் காலத்திலேயே ஒரு பெண்ணின் குரல் லயத்து வாசல் வரை வந்திருக்கிறது.

கடைசியாக உங்கள் பெண்பிள்ளைகளைப் பற்றி. "பொம்பளப் புள்ள சத்தமாப் பேசாத" என்று நாம்தான் சொல்லி வளர்க்கிறோம். நாளைக்கு அவள் நேர்முகப் பரீட்சைக்குப் போவாள், வங்கிக்குப் போவாள், கொழும்பில் கடையிலோ கந்தோரிலோ நிற்பாள். அங்கே போய் அவளும் "ஒன்னுமில்லீங்க" என்று சொல்லி உட்கார வேண்டுமா? அவள் வீட்டில் ஒரு விஷயம் சொல்லும்போது முழுவதையும் கேளுங்கள். கடைசிச் சொல் கேட்காவிட்டால், "திரும்பச் சொல்லு மகள்" என்று அன்பாகச் சொல்லுங்கள். அதுதான் அவளுக்கு முதல் வகுப்பு.

அந்தப் பெரியம்மா இப்போது இல்லை. போன வருடம் காலமானார். கடைசியாகப் பார்த்தபோது, சேவைக்காலப் பணத்தில் கூரைக்குத் தகரம் போட்டதையும், பேத்தியைப் படிக்க அனுப்பியதையும் சொன்னார். அந்தப் பேத்தி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். காலையில் பிரிவின் பெயர் வரை கேட்ட 9 பேரில் அவளும் ஒருத்தி.

இப்போது எல்லோரும் எழும்புங்கள். கொடுங்கையைத் தளர விடுங்கள். மூக்கால் மூச்சை எடுங்கள், தோள் அசையக் கூடாது. காலையில் சொன்னதையே திரும்பச் சொல்லப்போகிறோம். பெயர், தோட்டம், பிரிவு. நான் மறுபடியும் கடைசிக் கதவடிக்குப் போகிறேன்.

முதல் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.